மரப்பாச்சித் துரை படுத்துவிட்டார்

சாமிகள் எல்லாம் நனைந்துவிட்டார்கள், மனிதர்கள் மட்டும் தப்பித்தார்கள். லண்டன் வால்தம்ஸ்டோவில் என் மகன் வீட்டுப் பரணிலிருந்து கொலுப் பெட்டிகளை இறக்கியபோது நான் கண்ட கோலம் அதுதான். மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியின் குழாய் எத்தனை மாதமாகக் கசிந்ததோ, யாருக்கும் தெரியாது. பெரிய பெட்டியில் பழைய புடவைகளைச் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்த தசாவதாரமும் அஷ்டலட்சுமியும் மீனாட்சி கல்யாணமும் கரைந்து சேறும் சாயமுமாகக் கிடந்தன. சின்னப் பெட்டி தள்ளி இருந்ததால் அதில் இருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடை விரித்து உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும், தறிக்காரர், கழுதையோடு சலவைக்காரர், மீன்கூடைக்காரி, கல்யாண பாண்டு வாத்தியக்காரர்கள், அப்புறம் என் கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த மரப்பாச்சி ஜோடி. மரப்பாச்சி செம்மரத்தில் செதுக்கியது. அது தண்ணீருக்கும் பயப்படாது, என் மகனுக்கும் பயப்படாது.

மகன் ஏணியில் நின்றபடியே சொன்னான். "அம்மா, இந்த வருஷம் விட்டுடலாம்மா. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப புதுசா வாங்கிட்டு வந்து ஜம்முனு வைப்போம்."

விடுவதா? இந்த நாட்டுக்கு வந்த முதல் வருஷமே, ஒற்றை அறை வீட்டில் சூட்கேஸ்களை அடுக்கி மூன்று படி வைத்தவள் நான். அதன் பிறகு ஒரு வருஷமும் விட்டதில்லை. கொலு என்பது ஒரு தடவை நின்றால் மறு தடவை கை வராது. எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு வருஷம் உடம்பு சரியில்லை என்பார்கள், மறு வருஷம் பெயிண்ட் அடிக்கிறோம் என்பார்கள், மூன்றாம் வருஷம் பெட்டியையே யாருக்காவது கொடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் இருந்தது. அந்தச் சனிக்கிழமை சம்பந்தியம்மாளைக் கூப்பிட்டிருந்தேன். தனியாக அல்ல, அவர்களுடைய கோயில் சிநேகிதிகளையும் சேர்த்து.

சம்பந்தியம்மாள் என் மருமகளின் அம்மா. யாழ்ப்பாணத்தில் டீச்சராக இருந்தவர். இப்போது இங்கிருந்து பஸ்ஸில் வருகிற தூரத்தில், ஃபாரஸ்ட் கேட்டில் இருக்கிறார். அவர் பேச ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர்கள் தானாக நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். நல்ல மனுஷி. ஆனால் கல்யாணமான புதிதில் என் கொலுவை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "எங்கடை ஊரிலை கும்பம் வைச்சு, பள்ளிக்கூடத்திலை வாணி விழா செய்வம். உப்பிடிப் பொம்மைக் கடை போடுறேல்லை" என்று சொல்லிவிட்டார். பொம்மைக் கடை! அதை நான் அன்றே மடித்து உள்ளே வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் கழித்து, "ஒருக்கா வடிவா உட்கார்ந்து பாக்கிறம்" என்று அவராகவே வாய் திறந்து கேட்டிருக்கிறார். அப்போது போய்ப் பொம்மை கரைந்துவிட்டது என்று சொல்லுவேனா?

பிழைத்தவர்களைச் சமையலறை மேசையில் வரிசையாக வைத்தேன். டீ போட்டுக் குடித்துக்கொண்டே அவர்களைப் பார்த்தேன். கடைக்காரர், நெசவாளி, துணி வெளுக்கிறவர், மீன்காரி. சாமிக் கதை எதிலும் இந்தக் கூட்டத்தை ஒன்றாக நிறுத்த முடியாது. ஆனால் இவர்களை ஒன்றாக எங்கேயோ கேட்டிருக்கிறேனே என்று யோசித்தேன். இரண்டாவது டீக்கு ஞாபகம் வந்தது. எங்கள் ஊர் ஆரம்பித்த கதையில்தான்.

நான் பிறந்தது சிந்தாதிரிப்பேட்டை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் சரி. என் அப்பா கோட்டைக்குள்ளே சர்க்கார் ஆபீசில் டபேதார். வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, அதில் பித்தளை வில்லை. பெரிய அதிகாரிகளின் கதவைத் திறந்து மூடுகிற வேலை. ஆனால் அந்தக் கோட்டையே தன் தாத்தா கட்டிக் கொடுத்தது மாதிரித்தான் பேசுவார். மதராசு எப்படி உண்டாயிற்று என்று அவர் சொல்கிற கதையை நாங்கள் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்கியிருக்கிறோம். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அப்பா என்று எனக்குத் தெரியாது.

கதை இதுதான். இதே லண்டனில் நாலு வியாபாரிகள் கூடிக் கம்பெனி வைத்தார்கள். அவர்களுக்கு நம் பக்கத்துத் துணி வேண்டும். பழவேற்காட்டில் டச்சுக்காரன் உட்கார்ந்திருந்தான், சாந்தோமில் போர்ச்சுக்கீசியன். இடையில் கூவம் கடலில் சேருகிற இடத்துக்குக் கொஞ்சம் வடக்கே மணல் சும்மா கிடந்தது. மீன் பிடிக்கிறவர்களின் குப்பம் ஒன்று, மற்றபடி காற்றும் நண்டும். துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணியே அடிக்காமல் கயிற்றால் தைத்த படகு போய் அலையில் குதித்து ஆட்களை அள்ளிக்கொண்டு வரும். எந்தத் துரையானாலும் முழுக்க நனைந்துதான் எங்கள் ஊரில் கால் வைக்க வேண்டும். அப்படிப்பட்ட மணலைப் போய் ஒரு கம்பெனி குமாஸ்தா அந்தப் பக்கத்து நாயக்கரிடம் கேட்டு வாங்கினார். நம்மூர் வியாபாரி ஒருவர் துபாஷியாக நின்று இரண்டு பக்கமும் பேசி முடித்தார். பிறகு, பல வருஷத்துக்கு வரி கிடையாது, வந்து குடியேறுங்கள் என்று நெசவாளிகளையும் சாயம் போடுகிறவர்களையும் வெளுக்கிறவர்களையும் கூப்பிட்டார்கள். வந்தார்கள். ஊர் ஆகிவிட்டது. எங்கள் சிந்தாதிரிப்பேட்டை அதற்கு ரொம்ப நாள் கழித்து, அதுவும் நெசவாளிகளுக்காகவே போட்ட பேட்டை.

ஆக, மேசையில் இருந்தவர்கள் எல்லாருக்கும் வேஷம் கிடைத்துவிட்டது. செட்டியார்தான் துபாஷி. மற்றவர்கள் அவரவர் தொழிலையே பார்க்கலாம். பாண்டு வாத்தியக்காரர்களை நாயக்கரின் ஆட்கள் என்று நிறுத்தினேன். மரப்பாச்சி ஆண் குமாஸ்தாத் துரை. என் பழைய வெல்வெட் ஜாக்கெட்டை வெட்டி அவருக்குக் கோட்டு, மேசைவிரிப்பின் சரிகைப் பின்னலில் கழுத்துப் பட்டி, மகனின் கறுப்புக் காலுறையில் தொப்பி. மரப்பாச்சிப் பெண்ணைத் தெற்கே தள்ளி, தலையில் முக்காடு போட்டுத் தனியாக நிறுத்தினேன். அதற்கும் காரணம் உண்டு, வருகிறேன்.

மேல்படியில் கலசமும் பூஜை அறைப் பித்தளைப் பிள்ளையாரும். ஒன்பது படிக்கு ஆள் இல்லை, ஐந்து போதும். ஒற்றைப்படையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மற்றப் படிகளில் செட்டியாரும் தொழில்காரர்களும் நாயக்கரின் ஆட்களும். கீழே தரையில் துரை வந்து இறங்குகிற மதராசு. மகன் கடையிலிருந்து ஒரு மூட்டை மணல் தூக்கி வந்தான். கதவடியில் தினமும் வந்து விழும் பார்சல் அட்டைகளை வெட்டி மருமகள் கோட்டை கட்டினாள். கடலுக்கு என் நீல நைலக்ஸ் புடவை. மதராசுக்குக் கடல் கிழக்கே இருக்க வேண்டும். அந்த அறையில் கிழக்கே டிவி இருந்தது.

"டிவியை எடுத்துடு" என்றேன்.

"அம்மா, கடலை இந்தப் பக்கம் போட்டா யாருக்கும்மா தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே."

டிவி மாடிக்குப் போனது. படகுக்கு வாழைப்பூ மடல். தமிழ்க் கடையில் ஒரு பூ வாங்கி, தினம் ஒரு மடலை உரித்து மிதக்கவிட்டேன். உள்ளே இருந்த பூவெல்லாம் வடையாகிவிட்டது.

வியாழக்கிழமை சம்பந்தியம்மாள் முன்னோட்டம் பார்க்க வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இதென்ன, சாமியளைக் காணேல்லை? ஒரே சனமாய்க் கிடக்கு."

"எங்க ஊர் பொறந்த கதை, சம்பந்தியம்மா."

"மெட்ராசோ? அதுக்கு நானூறு வருசமும் ஆகேல்லையே. எங்கடை நல்லூர் அதுக்கு முந்தியே ராசதானி. ராசா இருந்தவர், மந்திரி இருந்தவர்."

"உங்க ஊருக்கு ராஜா இருந்தாரு. எங்க ஊருக்கு ஒரு குமாஸ்தாதான் இருந்தாரு. ஆனா இப்ப எங்க ஊர்ல ஜனத்தை எண்ணிப் பாருங்க."

"எண்ணேலாது, அவ்வளவு சனம், அவ்வளவு வெக்கை" என்றார். பிறகு தெற்கே முக்காட்டோடு நின்றவளைக் கண்டுவிட்டார். "உவ ஆர்?"

"அவங்க சாந்தோம். துரைக்கு வேண்டியவங்க."

"மனுசியோ?"

"மனைவின்னு சொல்ல முடியாது. துறைமுகமே இல்லாத இடத்தை அந்தாளு ஏன் வாங்கினாருன்னா, இவங்க பக்கத்துல இருந்ததாலதான்னு எங்கப்பா சொல்வாரு."

சம்பந்தியம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டார். "கும்பத்துக்குக் கீழை வைக்கிற கதையோ இது? என்ரை கோயில் ஆக்கள் கேட்டால் நான் என்னெண்டு சொல்லுறது?"

"சொந்தக்காரங்கன்னு சொல்லிக்குங்க."

மருமகள் சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அன்று நான் சம்பந்தியம்மாளுக்குத் தைத்த படகின் கதையையும் சொல்லி, கொலுவின் விதியெல்லாம் ஒப்பித்தேன். படி ஒற்றைப்படை, இரண்டு வேளை விளக்கு, தினமும் ஒரு சுண்டல், வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது, இந்த விதியில் என் அம்மாவும் வளைந்ததில்லை, நானும் வளைந்ததில்லை என்று. அவர் கொடுத்த குட்டுக்கெல்லாம் அது பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதியைச் சொல்லவில்லை. அது கடைசி நாளுக்கு உரியது, அன்றைக்குச் சொன்னால் போதும் என்று விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை நாலு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். சம்பந்தியம்மாள் உதவிக்கு என்று முன்னாலேயே வந்துவிட்டார், ஒரு பெரிய சட்டி நிறைய அவலோடு. நான் கொண்டைக்கடலைக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். மருமகள் கோலத்தைச் சரி செய்ய உள்ளே போனாள். அங்கிருந்து அவள் குரல் வந்தது.

"ஐயோ அம்மா! என்ன செய்தனீங்கள்?"

கரண்டியோடு ஓடினேன். மதராசின் மணலில், கடலோரமாக, துரை மல்லாந்து படுத்திருந்தார். தலைக்கு ஒரு கைக்குட்டை மடித்து வைத்திருந்தது. தொப்பியைக் கழற்றிப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்.

"என்ன செய்தனான்?" என்றார் சம்பந்தியம்மாள். "மணல் காய்ஞ்சு போச்சு. அந்தாள் நிக்கேலாமல் சரிஞ்சு சரிஞ்சு விழுகுது. விழுந்து மூக்கு உடைஞ்சால் மாமியின்ரை தாய் குடுத்த பொம்மையெல்லோ எண்டுதான், என்ரை லேஞ்சியை மடிச்சுப் படுக்க வைச்சனான்."

மருமகள் என்னைப் பார்த்தாள். நான் மருமகளைப் பார்த்தேன்.

"அம்மா, மரப்பாச்சியைப் படுக்க வைச்சால் கொலு முடிஞ்சுது எண்டு அர்த்தம். கடைசி நாள் ஆரத்தி எடுத்த பிறகுதான் மாமி படுக்க வைக்கிறவ. அதுக்குப் பிறகு எல்லாத்தையும் பெட்டியிலை வைக்கிறது."

அதுதான் நான் சொல்லாமல் விட்ட விதி. வேறு எந்தப் பொம்மை சாய்ந்திருந்தாலும் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போயிருப்பேன். செட்டியார் வருஷா வருஷம் விழுவார். ஆனால் மரப்பாச்சியை ஒரு பெண் கை தொட்டு, தலைக்கு வைத்து, படுக்க வைத்துவிட்டால் அது விழுந்தது ஆகாது. கொலுவுக்குத் தூக்கம் சொன்னதாகிவிடும். எழுப்பி நிறுத்துவது என்கிற வழக்கம் என் அம்மா வீட்டில் இல்லை.

சம்பந்தியம்மாள் மணலை விட்டு ஓரடி பின்வாங்கினார். "நான் கொலுவை முடிச்சுப்போட்டனோ?" என்றார். டீச்சர் குரல் எங்கேயோ போய்விட்டது. "ஐயோ, தெரியாமல்... இப்ப அவையெல்லாம் வரப்போகினம்."

அப்போதுதான் வாசல் மணி அடித்தது. கண்ணாடிக்கு வெளியே பட்டுப்புடவைகள் தெரிந்தன.

நான் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். முடிந்தது என்று சொன்னால் வந்தவர்களுக்கு முன்னால் அவர் தலை குனிய வேண்டும். அந்தப் பொம்மைக் கடைக்குப் பதில் சொல்ல இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு இனி வராது. சரி, முடியவில்லை என்று சொன்னால்? இரண்டு நாள் முன்னால்தான் வளைந்ததே இல்லை என்று மார்தட்டினேன். இரண்டு பக்கமும் போக முடியவில்லை. மணி இன்னொரு தடவை அடித்தது.

படுத்திருந்த துரையைப் பார்த்தேன். அப்பா சொன்ன கதையின் மிச்சம் ஞாபகத்துக்கு வந்தது. கோட்டை எழும்ப எழும்ப இங்கே லண்டனில் உட்கார்ந்திருந்த முதலாளிகளுக்கு வயிறு எரிந்ததாம். யாரைக் கேட்டு இவ்வளவு செலவு செய்தாய் என்று, கட்டினவர்களை ஆளுக்கொரு சமயம் கப்பலேற்றி வரவழைத்துக் கேள்வி கேட்டார்களாம். துரைகள் இங்கே கையைக் கட்டிக்கொண்டு நின்ற அந்த நாட்களில் அங்கே என்ன நடந்தது? தறி ஓடியது. மீன் விற்றது. துணி வெளுத்துக் காய்ந்தது. துரை இல்லையே என்று ஒரு படகும் நிற்கவில்லை.

"சம்பந்தியம்மா, படுத்தது யாரு?" என்றேன்.

"அந்தத் துரைதான்."

"துரைதானே? ஊர் படுக்கலையே? போய்க் கதவைத் திறங்க."

அவருக்குச் சரியாக விளங்கவில்லை. ஆனால் போனார். அதற்குள் நான் ஒரு பட்டுத் துண்டை எடுத்துத் துரைக்குப் போர்த்திவிட்டேன். எழுப்பவும் இல்லை, பெட்டியில் வைக்கவும் இல்லை.

வந்தவர்கள் ஆறேழு பேர். வந்த உடனே அறை நிறைந்துவிட்டது. "வடிவாய் இருக்கு, வடிவாய் இருக்கு" என்று குனிந்து பார்த்தார்கள். நான் நினைத்தது போலவே ஒரு அம்மாள் கேட்டுவிட்டார்.

"ஏன் அக்கா, வெள்ளைக்காரன் படுத்துக் கிடக்கிறார்? குடிவெறியோ?"

எல்லாரும் சிரித்தார்கள். சம்பந்தியம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"மாசக்கணக்கா கப்பல்ல வந்து, அலையில நனைஞ்சு இறங்கினவரு, படுக்க மாட்டாரா?" என்றேன். அப்படியே ஆரம்பித்து முழுக்கதையும் சொன்னேன். மணல் வாங்கியது, துபாஷி பேசியது, வரி இல்லை என்று ஆட்களை அழைத்தது, லண்டனில் திட்டு வாங்கியது எல்லாம். "இந்த ஊர்க்காரங்க தூங்கினாலும் திட்டினாலும் எங்க ஊரு நிக்கலை. அதைக் காட்டத்தான் அவரைப் படுக்க வச்சிருக்கு" என்று முடித்தேன்.

"நல்ல யோசனை அக்கா" என்றார் கேட்ட அம்மாள். "ஆர் யோசிச்சது?"

"எங்க சம்பந்தியம்மா" என்றேன். பொய் இல்லையே. படுக்க வைத்தது அவர்தானே.

எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அவ்வளவுதான், டீச்சருக்கு உயிர் வந்துவிட்டது. சுவரை விட்டு விலகி முன்னால் வந்தார். "இஞ்ச பாருங்கோ, இந்தப் படகிலை ஒரு ஆணியும் இல்லை. முழுக்கக் கயிறு போட்டுத் தைச்சது. ஏன் தெரியுமே? ஆணி அடிச்ச படகு அலை அடிக்கப் பிளந்துபோம். தைச்ச படகு வளைஞ்சு குடுக்கும்." பிறந்ததிலிருந்து மதராசுக் கரையில் படகு தைத்தவர் மாதிரிச் சொன்னார். நான் வியாழக்கிழமை சொன்னதுதான், ஆனால் அந்தக் கடைசி இரண்டு வரி நான் சொல்லவே இல்லை. அது அவருடையது. நன்றாகத்தான் இருந்தது. முக்காடு போட்டவளைப் பற்றி ஒருவர் கேட்டதற்கு, முகத்தை மாற்றாமல், "அவ சொந்தக்காரர்" என்றார்.

பாடினார்கள். தேவாரம், அபிராமிக்கு ஒன்று, நான் ஒரு கும்மிப் பாட்டு. சுண்டலும் அவலும் மிச்சமில்லாமல் போயிற்று. வெற்றிலை, தேங்காய், ரவிக்கைத் துண்டு கொடுத்து எல்லாரையும் அனுப்பிவிட்டுத் திரும்பினேன். சம்பந்தியம்மாள் கொலுவுக்கு முன்னால் நின்றிருந்தார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு.

"ஏன் இப்படி நிக்கிறீங்க?"

"இனி ஒண்டையும் தொட மாட்டன்." படுத்திருந்த துரையைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "வந்த ஆக்களுக்குச் சொன்னது சரி. எனக்கு உண்மையைச் சொல்லுங்கோ. கொலு முடிஞ்சுதோ, இல்லையோ?"

"எங்கம்மா இருந்தா முடிஞ்சுதுன்னுதான் சொல்லுவாங்க."

"நீங்கள் என்ன சொல்லுறியள்?"

அம்மாவிடம் மனசுக்குள் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. வெளியே இருட்ட ஆரம்பித்திருந்தது. இந்த நாட்டில் அந்த மாதத்தில் இருட்டு சீக்கிரம் வந்துவிடும்.

"சாயந்திர விளக்கு ஏத்தணும்" என்றேன். "இன்னைக்கு நீங்க ஏத்துங்க."

"நானோ? நான் செய்த வேலைக்குப் பிறகோ?"

"முடிச்சவங்கதான் மறுபடி தொடங்கணும். இது எங்கம்மா சொன்ன விதி இல்லை. நான் சொல்ற விதி."

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். வகுப்பில் விடையைச் சரியாகச் சொன்ன பிள்ளையைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது, மறைப்பானேன். பிறகு பின்னால் கட்டியிருந்த கையை மெதுவாக அவிழ்த்து முன்னால் நீட்டினார்.

"நெருப்புப்பெட்டி எங்கை?" என்றார்.